ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

சமையலறையில் அவன் விஞ்ஞானி; ஆற்றிலே அவன் பக்தன்!

யார் அவன் என்று கேட்கிறீர்களா, தோழர்களே? ஐக்கிய அமெரிக்க நாட்டிலே, மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதியிலே, வாரமெல்லாம் பட்டறையில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை விடிந்ததும் தூண்டிலும் துடுப்புமாகக் கரன்ட் ஆற்றுக்குக் கிளம்பும் ஒருவனை மனக்கண்முன் நிறுத்துங்கள். பெயர் வேண்டாம், அவனைப் போன்றோர் அங்கே ஏராளம். ‘கனூ’ எனும் ஒல்லி ஓடம் நீரில் இறங்குகிறது. முன்னே நண்பன், பின்னே அவன், நடுவே பனிக்கட்டிப் பெட்டி. அந்தப் பெட்டியிலே பிடிக்கப்போகும் மீனுக்கு இடம் கொஞ்சம். குடிக்கப்போகும் புட்டிக்கு இடம் அதிகம்! கடைச் சரக்கன்று, தன் வீட்டிலே, தன் கையாலே, தானே காய்ச்சிப் புளிக்க வைத்த பீர். “தூயது, நானே செய்தது, இதனால் எனக்கு ஒரு கேடும் வராது” என்கிறான். துடுப்பு ஒரு கையில், புட்டி மறு கையில். ஓடம் ஓடுகிறது, அறிவு கரையிலேயே நின்றுவிடுகிறது!

அவன் வீட்டுக்குள் சென்று பாருங்கள், வியந்துபோவீர்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை எடை போடுகிறான். அதை ஊறவைக்கும் வெந்நீரின் சூட்டை வெப்பமானி வைத்துப் பார்க்கிறான். இரண்டு பாகை ஏறிவிட்டால் பதறுகிறான். சாற்றை வடித்து, ஹாப்ஸ் எனும் கசப்புப் பூவையிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறான். ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறான். கலம், குழாய், மூடி அத்தனையையும் கிருமி அகலக் கழுவுகிறான். புளிக்குமுன் ஒரு முறை, புளித்தபின் ஒரு முறை அடர்த்திமானியை மிதக்கவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்கிறான். 1.050 என்று இருந்தது 1.010 ஆக இறங்கிற்றா? அப்படியானால் ஏறத்தாழ 5 சதவீதம் ஆல்ககால் என்று கணக்குச் சொல்கிறான்.

ஆண்டவன் அருளால் நுரைத்தது என்று அவன் சொல்வதில்லை. மந்திரம் ஓதுவதில்லை, நல்ல நேரம் பார்ப்பதில்லை. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டு பீரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். புளித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிரின் வேலை, பீர் கெட்டுப்போவது வேண்டாத வேறு நுண்ணுயிர்களின் வேலை என்று விளக்கினார். அந்த அறிவுக்கு வாரிசு இவன். இவன் உழைப்பை நாம் இகழவில்லை, பாராட்டுகிறோம்.

காய்ச்சும் உரிமையும் அவனுக்கு எளிதில் கிட்டியதன்று. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. கள்ளச் சரக்கு பெருகிற்று. கொள்ளைக் கூட்டம் கொழுத்தது. தொழிற்சாலை ஆல்ககாலில் அரசு கலக்கச் செய்த நஞ்சு, அதைக் குடித்தவர்களின் உயிரைக் குடித்தது. விலக்கு நீங்கிய பிறகும், வீட்டுத் திராட்சை மதுவுக்கு வழிவிட்ட சட்டம் வீட்டுப் பீருக்கு வழிவிடவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் மறு ஆண்டு பிப்ரவரி முதல் அந்தத் தடையை நீக்கிற்று. வயது வந்தவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு 200 காலன், விற்பனை கூடாது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இதற்கு இசையவில்லை. இத்தனை காலம் காத்துப் பெற்ற உரிமையைப் பறி என்று நாம் கூறவில்லை. உரிமையைக் கையில் எடுத்தவனே, அறிவைக் கைவிடாதே என்றுதான் கூறுகிறோம்!

இனி ஆற்றுக்கு வாருங்கள். வெப்பமானி எங்கே? வீட்டிலே! அடர்த்திமானி எங்கே? வீட்டிலே! எண்களைக் குறித்த ஏடு எங்கே? அதுவும் வீட்டிலே! எத்தனை புட்டி உள்ளே போயிற்று என்று கேட்டால் சிரிக்கிறான். அளந்து காய்ச்சியவன் அளக்காமல் குடிக்கிறான். இதைவிட வேடிக்கை வேறு உண்டா? வேடிக்கை என்று விட்டுவிடவும் முடியவில்லையே. இது உயிரோடு விளையாடும் வேடிக்கை அன்றோ!

அவனைக் கேட்டால் காரணங்களை அடுக்குகிறான். ஒவ்வொன்றாய் எடுத்து உரசிப் பார்ப்போம்.

“பீர்தானே, விஸ்கியா?” என்பது முதல் வாதம். ஐயா, உன் ஏட்டையே புரட்டிப் பார். போன மாதம் காய்ச்சியது 1.050இல் தொடங்கியது. இந்த மாதம் பார்லியைக் கூட்டி 1.075இல் தொடங்கினாய், 1.015இல் முடித்தாய். அது 5 சதவீதம். இது ஏறத்தாழ 8 சதவீதம். புட்டி ஒன்றே, நிறம் ஒன்றே, நுரை ஒன்றே. கடைப் புட்டியிலாவது பெரும்பாலும் அளவு அச்சிட்டிருக்கும். உன் புட்டியிலே என்ன இருக்கிறது? மூன்று குடித்தேன் என்று நீ எண்ணும்போது, உன் குருதியிலே ஏறத்தாழ ஐந்து புட்டியின் வேலை நடக்கிறது. அளவு தெரியாதவன் குடித்தால் அறியாமை. அளவு தெரிந்தவனே மறந்து குடித்தால் அதற்கு என்ன பெயர்?

“குளிருக்கு இதமாக உடம்பைச் சூடாக்கும்” என்பது இரண்டாம் வாதம். இது வாதமன்று, மூடநம்பிக்கை! ஆல்ககால் தோலுக்கடியில் உள்ள குருதிக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த வெப்பம் தோலுக்கு வருகிறது, தோல் சூடாகிறது, சூடு வெளியேறுகிறது, உள்ளுடல் குளிர்கிறது. வீட்டிலுள்ள நெருப்பை வாசலில் கொட்டிவிட்டு வீடு சூடாயிற்று என்று மகிழ்வதா? கரன்ட் ஆறோ ஊற்றுகளால் வளரும் ஆறு. வான் பியூரன் ஊருக்கருகே அதிலே வந்து சேரும் பெரிய ஊற்றின் நீர், வெயில் கொளுத்தும் நாளிலும் 14 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அத்தகைய குளிர்நீரிலே திடீரென விழுந்தவன் தன்னையறியாமல் பெருமூச்சு இழுப்பான். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால், இழுப்பது காற்றையா, நீரையா?

“துடுப்பு ஓடந்தானே, இயந்திரமா ஓட்டுகிறேன்?” என்பது மூன்றாம் வாதம். கார் ஓட்டும்போது தொடமாட்டானாம், கனூவிலே தொடுவானாம்! காருக்குத் தடை உண்டு. காலால் அழுத்தினால் நிற்கும். ஆற்றுக்கு ஏது தடை? நீ ஓயினும் அது ஓயாது. வளைவிலே சாய்ந்து கிடக்கும் மரத்தை நோக்கி அது உன்னை இழுத்துச் செல்லும்போது, அரைநொடியில் முடிவெடுக்க வேண்டியது உன் மூளை. அந்த மூளையைத்தான் நீ மந்தமாக்கி வைத்திருக்கிறாய்.

கனூவின் இயல்பையும் எண்ணுங்கள். அகலம் குறைந்தது, உட்கார்ந்திருக்கும் வரையில் நிலைப்பது, எழுந்து நின்றால் தள்ளாடுவது. நிலை தவறாமல் நம்மைக் காப்பது உட்செவியின் நீர்க் குழல்களும் சிறுமூளையும். இரண்டின் வேலையையும் கெடுப்பது ஆல்ககால். அதோடு நின்றதா? சிறுநீரை அடக்கி வைக்கும் சுரப்பை அது தடுக்கிறது. ஆகவே குடித்தவனுக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. கரையொதுங்கச் சோம்பல், ஓடத்திலேயே எழுந்து நிற்கிறான். நிலை தவறிய உடல், நிலையில்லாத ஓடம், நில்லாத நீர். மூன்றும் கூடினால் முடிவு என்ன என்பதற்குச் சோதிடனைக் கேட்கவேண்டுமா?

அந்நாட்டுக் கடலோரக் காவற்படை ஆண்டுதோறும் படகு விபத்து அறிக்கை வெளியிடுகிறது. உயிர்ச்சேத விபத்துகளில், தெரிந்த காரணங்களுள் முன்நிற்பது ஆல்ககால் என்று பல ஆண்டுகளாகவே அது கூறிவருகிறது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் மூழ்கி மாண்டவர். மூழ்கியவர்களுள் பெரும்பாலோர் மிதவைச் சட்டை அணியாதவர். சட்டை ஓடத்திலேயே கிடந்திருக்கும், புட்டிப் பெட்டிக்கு மெத்தையாக!

கடைசி வாதம்தான் வலுவானதென்று நினைக்கிறான். “என் தகப்பனும் இப்படித்தான் சென்றார், நானும் இருபது ஆண்டாய்ச் செல்கிறேன், ஒன்றும் நேரவில்லையே!” தோழர்களே, இந்தக் குரலை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? பரிகாரம் செய்தேன், பிழைத்தேன் என்பவன் குரலன்றோ இது! கிரேக்க நாட்டிலே மெலோஸ் தீவைச் சேர்ந்த டயாகரஸ் என்றொரு நாத்திகர் இருந்தார். புயலில் தப்பிக் கரை சேர்ந்தோர் கோயிலுக்குக் காணிக்கையாக அளித்த படங்களைக் காட்டி, “தெய்வம் காப்பதற்கு இதோ சான்று” என்றானாம் ஒரு நண்பன். “வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?” என்று கேட்டாராம் அவர். ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிவைத்த செய்தி இது. ஆற்றுக்காரனே, உன்னையும் அதையே கேட்கிறோம். நீ தப்பியதைச் சொல்ல நீ இருக்கிறாய். தப்பாதவன் எங்கே வந்து சொல்வான்?

அவன் உயிர் அவன் உரிமை என்பாரும் உண்டு. முன்னே அமர்ந்திருக்கும் நண்பனின் உயிர் யாருடையது? சில நாளில் அங்கே அமர்வது மனைவி. சில நாளில் மகன். கவிழ்ந்தவனை மீட்கப் பாய்பவன் உயிர் யாருடையது? புட்டியின் கதையையும் கேளுங்கள். வீட்டுப் பீர் பெரும்பாலும் கண்ணாடிப் புட்டியிலே அடைபடுகிறது. காற்றுக் குமிழி பிறக்கச் சிறிது சர்க்கரையிட்டு மூடுவார்கள். உள்ளே ஈஸ்ட் உயிரோடிருக்கும். புளிப்பு முற்றுமுன் அடைத்திருந்தால், வெயிலில் சூடேறும்போது அழுத்தம் மிகுந்து புட்டி வெடிக்கும். வெடிக்காதது பாறையில் மோதி உடையும். மணல்திட்டிலே வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தையின் பாதம் அந்தச் சில்லுக்கு இரை. எளிதில் கவிழும் ஓடங்களிலே கண்ணாடிக் கலம் கூடாதென்று மிசௌரி மாநிலம் சட்டமே இயற்றியிருக்கிறது. பல ஆறுகளில் நான்கு காலனுக்கு மேற்பட்ட மதுக் கலமும் கூடாது என்கிறது. சட்டம் சொல்லித்தானா பிறர் பாதத்தை நினைக்க வேண்டும்?

“அப்படியானால் நீயும் மதுவிலக்குக்காரன்தானே” என்று யாரும் பாயவேண்டாம். பாவம், புண்ணியம், நரகம் என்று அச்சுறுத்துவது நம் வேலையன்று. விலக்கு என்ற பெயரால் பதின்மூன்று ஆண்டு பட்டதை அந்நாடே அறியும். நாம் கேட்பது எளிது. பகலெல்லாம் துடுப்பைப் பிடி, தூண்டிலைப் போடு, நீரை அருந்து, மிதவைச் சட்டையைக் கழற்றாதே. மாலையில் ஓடத்தைக் கரையேற்று, கயிற்றால் கட்டு, கூடாரத்தை அடி, தீ மூட்டு. இனி ஆற்றில் இறங்குவதில்லை, இன்றிரவு வண்டியோட்டுவதில்லை என்று உறுதியான பின், கண்ணாடியல்லாத கலத்திலே, சதவீதம் எழுதி ஒட்டிய உன் பீரை எடு, எண்ணிக் குடி. உன் கைத்திறனைச் சுவைத்தறியவும் அதுவன்றோ சரியான நேரம்? ஓட்டத்திலே குலுங்கி, அடிமண்டி கலங்கி, வெயிலில் நாற்றமேறிய பீரைக் குடிப்பது, இரண்டு வாரம் காத்துக் காய்ச்சிய உன் உழைப்புக்கே நீ செய்யும் அவமதிப்பு.

கடல்கடந்த நாட்டானின் ஆற்றுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கும் இளைஞனே! பகுத்தறிவு என்பது ஓர் அறையில் அணிந்து மறு அறையில் கழற்றி வைக்கும் சட்டையன்று. ஆய்வுக்கூடத்தில் அளந்துவிட்டு வீட்டில் ஜாதகம் புரட்டுபவனும், அடுப்படியில் அளந்துவிட்டு ஆற்றில் அளவை மறப்பவனும் உடன்பிறந்தோர். முன்னவனை நோக்கிக் கைநீட்டத் தெரிந்த நாம், பின்னவனிடம் நம் முகச்சாயல் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. காசைப் பற்றிச் சொன்னார்கள். ஓசார்க்கின் ஓடக்காரனே, நீ ஆற்றில் போடுவது காசன்று, உயிர். அதற்கு மாற்று உயிர் எந்தக் கடையிலும் இல்லை. எந்தக் கலத்திலும் காய்ச்ச முடியாது. அளக்கத் தெரிந்த கை உன் கை, ஆற்றிலும் அள!