பெட்டியைத் தூக்கியவன் பெயர் என்ன?

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. கடப்பாரைக்கும் சம்மட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்ட நாள்.

அன்று இரவு எட்டரை மணி சுமாருக்கு, மெயின் லைனில் போக வேண்டிய மைசூர் - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் லூப் லைனுக்குள் புகுந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரெயில் மீது டமார் என்று மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு பெட்டி தீப்பிடித்தது. பலருக்குக் காயம். உயிர்ப்பலி இல்லை, கடவுள் புண்ணியம்!

விடிந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. “கும்மிடிப்பூண்டி வண்டி எப்போ ஓடும்?”

நியாயமான கேள்விதான். ஆனால் அதை ஓட வைக்க இருட்டில் இறங்கிப் பாடுபடுகிறவர்களைப் பற்றி யார் கேட்டோம்? பேப்பர்காரர்களும் கேட்கவில்லை. நம்மையும் சேர்த்தேதான் சொல்கிறோம்.

ரெயில் கவிழ்ந்த இடத்துக்கு 140 டன் கிரேன் வரும். ஜாக்கி வரும். கேஸ் கட்டர் வரும். ரெயில்வேயின் சொந்த ஆட்கள், கேங்மேன்கள் வருவார்கள். போதவில்லை என்றால் காண்டிராக்டர் லாரியில் கூலி ஆள் ஏற்றி வருவார்.

கிரேன் பெட்டியை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம்தான் கை வேலை. கோணிப்போன தண்டவாளத்தை அறுத்து ஒதுக்க வேண்டும். உடைந்த ஸ்லீப்பர்களை அகற்ற வேண்டும். ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் கால் டன்னுக்கு மேல் கனம்! ஜல்லியை வாரிக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். முறுக்கிக் கிடக்கிற இரும்பை அறுத்தால் எந்தப் பக்கம் தெறிக்குமோ தெரியாது. ஜாக்கி கொஞ்சம் நழுவினால் கால் போச்சு. தலைக்கு மேலே 25 ஆயிரம் வோல்ட் கம்பி. கரண்டை நிறுத்தியாச்சா என்று பத்து தரம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் பக்கத்தில் டீசல் ஏற்றிய சரக்கு ரெயில் பற்றி எரிந்தது. 18 டேங்கர்கள் நாசம். தீயணைப்புப் படை அணைத்தது, பாராட்டினோம். அப்புறம் அந்த டீசல் ஜல்லி மேலே நின்று வேலை பார்த்த கால்களில் பூட்ஸ் இருந்ததா, ரப்பர் செருப்பா?

2023 ஜூன் 2 யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாலசோர் அருகே பஹாநகா பஜாரில் கவிழ்ந்தது. 290 பேருக்கு மேல் செத்தார்கள். 51 மணி நேரத்தில் மறுபடி ரெயில் விட்டார்கள். முதல் வண்டி போனபோது மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் கை கூப்பி நின்றார். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள் என்று ரெயில்வேயே சொன்னது. சபாஷ்! அந்த ஆயிரத்தில் தினக்கூலி எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன?

அங்கே போன தேசிய பேரிடர் மீட்புப் படை வீரர் ஒருவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே ரத்தமாகத் தெரிந்ததாம். இன்னொருவருக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம். படையின் அப்போதைய தலைவர் அதுல் கர்வால் சொன்னது இது. வீரர்களுக்கு மனநல ஆலோசனை கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். பயிற்சி எடுத்தவனுக்கே இந்தக் கதி. நேற்று வரை சித்தாள் வேலை பார்த்துவிட்டு, இன்று பெட்டிக்கு அடியில் கை விடுகிறவனுக்கு யார் ஆலோசனை சொல்வது? குவார்ட்டர் பாட்டில்தான்!

அதே விபத்தில், உரிமை கோர ஆளில்லாமல் 28 உடல்கள் புவனேஸ்வர் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தன. அக்டோபரில் எரித்தார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் வருகிறவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. காண்டிராக்ட் கூலியும் முன்பதிவு இல்லாத பெட்டிதான்.

கவரைப்பேட்டை விபத்து நடந்து மூன்றே வாரம். நவம்பர் 2-ந் தேதி, ஷோரனூர் பாரதப்புழா பாலத்தில் தண்டவாளக் குப்பை பொறுக்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் நாலு பேரை கேரளா எக்ஸ்பிரஸ் அடித்துக் கொன்றது. நாலு பேரும் நம்ம சேலத்துக்காரர்கள். பட்டப்பகல், சாதாரண வேலை. அதற்கே இப்படி!

காண்டிராக்டர் கூட்டி வந்த ஆள் அடிபட்டாலும், வேலை யாருக்காக நடக்கிறதோ அவர்களிடமே நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 1923-லேயே சட்டம் போட்டார்கள். கேட்கலாம் சார். அந்த ராத்திரி அங்கே இருந்தான் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா?

தடம் புரண்ட இடத்துக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவர் பெயர், ஊர், வீட்டு போன் நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே விடுங்கள். பெயர் எழுதும்போதே ஹெல்மெட், பூட்ஸ், கையுறை கொடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கூலி அவன் கைக்கே போகட்டும். இதை டெண்டர் நிபந்தனையிலேயே தெற்கு ரெயில்வே சேர்க்க வேண்டும்.

மீட்பு ரெயிலில் ஜாக்கியும் விளக்கும் எப்போதும் தயாராக வைத்திருக்கிறீர்களே, அதோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வையுங்கள்.