விளக்குகளின் முகவரிப் பட்டியல்

பெரிய அலுவலகக் கட்டிடங்களில் விளக்குகளை ஆளும் ‘டாலி’ முறையில், இரு கம்பிகளாலான ஒரு தடத்தில் 64 விளக்குக் கருவிகள் வரை இணைக்கலாம். முகவரி வழங்குங்கால் ஒவ்வொரு கருவியும் தானே ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுக்கிறது. அவ்வெண்களின் வரிசைப்படியே 0 முதல் 63 வரை முகவரிகள் அமைகின்றன. ஆகவே 7-ஆம் விளக்கும் 8-ஆம் விளக்கும் வெவ்வேறு அறைகளில் இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் மின்னி மறையச் செய்து, நடந்து பார்த்து, கட்டிட வரைபடத்தில் எண்ணைக் குறிக்கவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், எனினும் இதைக் கைவிடுவது சிக்கனமன்று. பின்னர் ஒரு கருவி பழுதுற்று மாற்றப்படும்போது, பட்டியல் இன்மையால் தடம் முழுவதற்கும் புதிதாக முகவரி வழங்க நேரிடலாம். பழைய முகவரியை நம்பி அமைத்த பொத்தான் அடுத்த அறையின் விளக்கை அணைத்துவிடக்கூடும். வரைபடம் கைக்கு வருமுன் ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தொகை வழங்கலாகாது. அதன் ஒரு படி மின்பலகையின் அருகிலேயே இருத்தல் வேண்டும்.