புதிய பள்ளியா, பெயர்பெற்ற பள்ளியா?



ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியராக இருப்பவருக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் பாடம் நடத்துவதைக் காட்டிலும் பெற்றோருக்கு மறுமொழி கூறுவதே பெரும்பணியாகிவிடுகின்றது. சென்ற வாரம் ஒரு தாயார் பள்ளி முடிந்தபின் வாயிற்கதவருகே எனக்காகக் காத்திருந்தார். எங்கள் வட்டாரத்தில் புதிதாகத் திறக்கப்படும் தேசிய இடைநிலைப்பள்ளியில் அவருடைய மகளுக்கு முதலாம் படிவத்தில் இடம் கிடைத்திருக்கின்றது. "சார், இது வேண்டாம் சார். பேரில்லாத பள்ளிக்கூடம். பெரிய பள்ளிக்கே மாற்றிக் கொடுங்கள். உங்களுக்குக் கல்வி இலாகாவில் ஆள் தெரியுமே!" என்றார். எனக்கு அங்கே ஆள் யாரையும் தெரியாது. மேல்முறையீட்டுப் பாரத்தை நிரப்ப மட்டும்தான் தெரியும். அதைப் பல ஆண்டுகளாகப் பலருக்கும் செய்து கொடுத்திருக்கின்றேன். அதனால் விளைந்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தத் தாயாரின் அச்சத்தைக் குறைகூற மாட்டேன். புதிய பள்ளிக்கு எஸ்.பி.எம். தேர்ச்சி விழுக்காடு கிடையாது. வாசலில் 'வாழ்த்துகள்' பதாகை கிடையாது. 'என் பிள்ளையும் அங்கேதான் படித்தான்' என்று சொல்ல அண்டை வீட்டார் கிடையாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை, பிள்ளை பெற்ற ஏ-க்களைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி தேடினோம். அந்தத் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டே பி.டி.3 தேர்வும் போயிற்று. இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு, வீடு இருக்கும் இடமும் படித்த தொடக்கப்பள்ளியுமே இடைநிலைப்பள்ளியை முடிவு செய்கின்றன. அப்படி வந்த இடம் கண்ணால் பார்த்திராத ஒரு பள்ளி என்றால், எந்தப் பெற்றோருக்கும் மனம் கலங்கத்தான் செய்யும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். புதிய பள்ளிக்கு அனுப்புங்கள். ஆனால், உங்கள் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டோடு நம் கதவு மூடப்படுகின்றது. அதன்பின் தமிழ் என்பது தேசிய இடைநிலைப்பள்ளியில் ஒரு பாடம். அதுவும் கேட்டால் கிடைக்கக்கூடிய பாடம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளிக்கு விளக்கம் கூறுமிடத்தில், அப்பள்ளியில் பயிலும் மாணவருள் குறைந்தது 15 பேரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்யப்படும் என்கின்றது. இதைப் பலர் 'ஒரு வகுப்பில் 15 பேர்' என்று தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றனர், ஆசிரியர் சிலரும்கூட. சட்டம் பள்ளியில் 15 பேர் என்றே சொல்கின்றது. புகுமுக வகுப்புப் பிள்ளையும் அதில் அடக்கம். வேறு தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவரும் அடக்கம். தேசியத் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது தமிழ் கற்க விரும்பும் பிள்ளையும் அடக்கம்.

நன்றாகக் கவனியுங்கள். கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்கள். பல ஆண்டுகளாக நடந்துவரும் பள்ளியில் யாரோ ஒருவர் என்றோ கேட்டுவிட்டார்; தமிழாசிரியர் பணியிடம் உருவாகிவிட்டது; உங்கள் பிள்ளை போய் அமர்ந்தால் போதும். புதிய பள்ளியிலோ முதல் ஆண்டில் பெரும்பாலும் கீழ்ப்படிவங்கள் மட்டுமே இருக்கும். மாணவர் எண்ணிக்கை குறைவு. அதற்கேற்பவே ஆசிரியர் பணியிடங்களும் வரும். அந்தச் சிறிய கூட்டத்தில் நம் பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தால் ஒன்றும் நடக்காது. பதினைந்து பேர் இருந்தால் கேட்கலாம்.

ஒன்பது என்ற எண்ணை நான் சும்மா எழுதவில்லை.

2012ஆம் ஆண்டில் என் மூத்த மகள் முதலாம் படிவம் சென்றாள். நாங்கள் அப்போது குடியிருந்த தாமானுக்கு அருகிலேயே அவ்வாண்டு ஒரு புதிய இடைநிலைப்பள்ளி திறக்கப்பட்டது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பள்ளிப் பேருந்துச் செலவு மிச்சம் என்று நானும் என் துணைவியாரும் அவளை அங்கேயே சேர்த்தோம். அதே ஆண்டில் என் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளிக்கு இடம் கிடைத்த மற்ற பெற்றோர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தனர். நகரத்துப் பெரிய பள்ளிக்கு மாற வேண்டும் என்றனர். நான் ஒருவரையும் தடுக்கவில்லை. பதினான்கு பேருக்கு மேல்முறையீட்டுப் பாரத்தை என் கையாலேயே நிரப்பினேன். பெரும்பாலோருக்கு மாற்றமும் கிடைத்தது. எனக்குக் கைத்தறி வேட்டியும் இனிப்புப் பெட்டியும் கிடைத்தன!

சனவரியில் பள்ளி திறந்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேர். நேர அட்டவணையில் தமிழ் இல்லை. பள்ளி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். மேசை நாற்காலி வந்து சேராத அலுவலகத்தில் நின்றுகொண்டே பேசினார். "எண்ணிக்கை இல்லை, சிக்கு. பதினைந்து பேர் இருந்தால் நானே கடிதம் எழுதுவேன்" என்றார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் அமர்ந்தபோதுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. ஒன்பதும் பதினான்கும் இருபத்து மூன்று. தமிழாசிரியர் ஒருவரே தம் மகளின் தமிழ் வகுப்பைக் கலைத்திருக்கின்றார்.

அவளுக்கு வீட்டில் நானே சொல்லிக் கொடுத்தேன். அப்பா சொல்லிக் கொடுப்பது வகுப்பறை ஆகாது என்பதை ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். கட்டுரை எழுதச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மற்றப் பாடங்களின் வீட்டுப்பாடம் முதலில் வரும். தமிழ் இரவு பத்து மணிக்கு வரும். எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதினாள், தேர்ச்சியும் பெற்றாள். தமிழ் இலக்கியம் எடுக்கவில்லை. பரிசளிப்பு விழாவில் தமிழ்ப் பேச்சு இல்லாத, தமிழ்மொழிக் கழகம் இல்லாத ஐந்து ஆண்டுகளை அவள் அங்கே கழித்தாள். அதை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் அது குறை.

அந்தப் பள்ளியின் கதை அங்கேயே முடியவில்லை. மூன்றாம் ஆண்டில் தாமானைச் சேர்ந்த இரு தாய்மார்கள் வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கினர். ஒருவர் தொழிற்சாலை ஊழியர். மற்றவர் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர். பதினெட்டுப் பேரின் கையொப்பத்தோடு முதல்வரிடம் போனார்கள். அடுத்த ஆண்டு ஒரு தமிழாசிரியை வந்தார். 2016இல் என் மகன் அதே பள்ளிக்குச் சென்றபோது அவனுக்கு நேர அட்டவணையில் தமிழ் இருந்தது. அக்காளுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. அதற்காக நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை.

சரி, 'அப்படியானால் பெரிய பள்ளிக்கே போய்விடலாமே, அங்கேதான் தமிழ் வகுப்பு ஏற்கெனவே இருக்கின்றதே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். இருக்கின்றது, சில பள்ளிகளில் அது பள்ளி நேரம் முடிந்தபின் நடக்கின்றது. பேருந்து காத்திருக்காது என்பதால் பிள்ளைகள் மெல்ல மெல்ல நின்றுவிடுகின்றனர். மாணவர் நெரிசல் மிகுந்த பள்ளிகளில் கீழ்ப்படிவங்கள் மாலை நேரத்தில் இயங்குகின்றன; பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். அங்கே ஒரு படிவத்திற்குப் பத்து வகுப்புகள் இருந்தால், நம் பிள்ளைகள் எந்த வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர் என்று போய்ப் பாருங்கள். பதாகையில் இருக்கும் ஏ-க்களை முதல் இரண்டு வகுப்புகள் எடுத்திருக்கும். கடைசி வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பதாகையால் என்ன பயன்? பள்ளியின் பெயரைப் பெற்றோர் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

புதிய பள்ளியில் பிள்ளைகள் குறைவு. ஆசிரியருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகின்றது. மாணவர் தலைவன், விளையாட்டு இல்லத் தலைவி, நூலக உதவியாளர் என எல்லாப் பொறுப்புக்கும் ஆள் வேண்டும். வரிசையில் முன்னே நிற்கும் அண்ணன்மார்கள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் மேடையேறிப் பழகிய நம் பிள்ளைகள் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுகளில் என் மகள் பெற்ற துணிச்சல் அந்தப் பள்ளி தந்தது. இதை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன்.

குறைகளும் உண்டு. முதல் ஆண்டில் நூலகத்தில் அலமாரி இருக்கும், நூல் இருக்காது. திடலில் புல் முளைத்திருக்காது. அறிவியற்கூடத்தில் குழாய் இருக்கும், தண்ணீர் வராது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்புகள் கிடைக்கும் என்பதை முதல் ஆண்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இயற்பியலுக்கும் கூடுதல் கணிதத்திற்கும் ஆசிரியர் வர வேண்டும், எடுக்கப் போதிய பிள்ளைகளும் வேண்டும். மருத்துவர், பொறியியலாளர் என்று உறுதியாக எண்ணியிருக்கும் குடும்பம் இதை மூன்றாம் படிவத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

சில வேளைகளில் நானே 'வேண்டாம்' என்பேன். கட்டடம் முடியாமல் வேறொரு பள்ளியின் வகுப்பறைகளில் தற்காலிகமாக இயங்கும் பள்ளியாயின், எத்தனை மாதத்திற்கு, எந்த நேரத்தில், போக்குவரத்து யார் பொறுப்பு என்று கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் மேல்முறையீடு செய்யுங்கள். பாரத்தை நானே நிரப்பித் தருவேன். உங்கள் பிள்ளைக்கு மலாய்மொழியில் அடைவு குறைவாக இருந்து புகுமுக வகுப்புக்குப் போக வேண்டியிருந்தால், அந்த வகுப்பு எல்லா இடைநிலைப்பள்ளிகளிலும் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் போய் வாயிலருகே நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகின்றனர், சாலையை எப்படிக் கடக்கின்றனர், ஆசிரியர் யாரேனும் உடன் நிற்கின்றாரா என்று பாருங்கள். இன்னும் திறக்காத பள்ளியென்றால் சாலையையாவது பாருங்கள். புதிய பள்ளிகளின் முன் நடைபாதையும் பேருந்து நிறுத்துமிடமும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோருக்கு ஒன்று நினைவூட்டுகின்றேன். 2009இல், எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்குமேல் எழுத முடியாது என்று அறிவிப்பு வந்தது. அப்படியே நின்றிருந்தால் தமிழும் தமிழ் இலக்கியமும் பல பிள்ளைகளின் பட்டியலிலிருந்து விழுந்திருக்கும். நம் அமைப்புகளும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் விடாமல் குரல் கொடுத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் மேலும் இரண்டு பாடங்கள் எழுத இடம் கிடைத்தது. புதுப்பள்ளி முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுப்பது அதைவிடக் கடினமானதன்று. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் பெற்று இடைநிலைப்பள்ளிகளில் கற்பிக்க வரும் இளையோர் இருக்கின்றனர். ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் பள்ளிதான் வேண்டும்.

ஆறாம் ஆண்டு வகுப்பாசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களுள் எத்தனை பேர் எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசி அவர் தாளையும் கேளுங்கள். ஒரு பெற்றோருக்கு மற்றப் பெற்றோர் யார் என்று தெரியாது, நமக்குத் தெரியும். 2012இல் எனக்கும் தெரிந்திருந்தது.

வாயிற்கதவருகே நின்ற அந்தத் தாயாரிடம் அன்று பாரம் தரவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். அதற்குள் எங்கள் பள்ளியிலிருந்து ஏழு பேரும், ஆற்றுக்கு அப்பாலுள்ள தமிழ்ப்பள்ளியிலிருந்து நான்கு பேரும் புதிய பள்ளிக்கே போக இசைந்துள்ளனர். அந்தத் தாயார் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவரையும் சேர்த்தால் பன்னிரண்டு. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூடுகின்றோம். தேசியத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்கள் யாரேனும் இந்த வட்டாரத்தில் இருந்தால், தயவுசெய்து வாருங்கள். தேநீர் இருக்கும், கையொப்பமிடப் பேனாவும் இருக்கும்.