விருந்தாளிப் பந்தாட்டமும் கிரக பலனும்

இந்தியக் கால்பந்து கோஷ்டியார் 2025-ம் வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தஜிகிஸ்தான் தேசத்து ஹிசோர் நகருக்குப் போய், மத்திய ஆசிய நாடுகளின் கால்பந்துச் சங்கத்தார் நடத்திய கோப்பைப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றுத் திரும்பினார்கள். இதைப் பற்றி நாம் ஒரு வியாசம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக் கூடும். அவசியம் எழுத வேண்டும் என்றே சொல்லுவோம். ஏனெனில் இந்தச் சங்கதியில் பந்து மாத்திரமல்ல, மனிதனுடைய யோக்கியதையை எதைக்கொண்டு அளப்பது என்கிற கேள்வியும் சேர்ந்து உருளுகிறது.

அந்தச் சங்கத்தில் அங்கத்தினரான நாடுகள் ஆறு. ஈரான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்பவைகளே அவை. எட்டு கோஷ்டிகள் வேண்டுமென்று வெளியிலிருந்து இரண்டு நாடுகளை விருந்தாளிகளாக அழைத்தார்கள். ஓமன் வந்தது. மலேசியா வர முடியாதென்று ஒதுங்கிக்கொண்டதால் அந்தக் காலி இடத்துக்கு இந்தியா அழைக்கப்பட்டது. அதாவது நாம் போனதே விருந்தாளியாக. அதிலும், ஒருவர் வராமல் காலியாய்க் கிடந்த இலையில் உட்கார்ந்த விருந்தாளியாக!

அப்பொழுது உலக வரிசையில் இந்தியாவின் இடம் 133. பயிற்சியாளர் காலித் ஜமீல் வேலைக்கு வந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. பெயர் பெற்ற சுனில் சேத்ரி இந்தக் கோஷ்டியில் இல்லை. இப்படிப்பட்டவர்கள் ஆகஸ்டு 29-ந் தேதி தஜிகிஸ்தானை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்தார்கள். கோல் போட்ட இருவரும், அன்வர் அலியும் சந்தேஷ் ஜிங்கனும், பின்வரிசைக்காரர்கள். எதிரிக்குக் கிடைத்த ஒரு பெனால்டியைக் கோல்காப்பாளர் குர்ப்ரீத் சிங் சந்து தடுத்தார். ஈரானிடம் 0-3 என்று தோற்றார்கள். ஆப்கானிஸ்தானோடு கோலே இல்லாமல் சமன் செய்தார்கள். தஜிகிஸ்தானும் ஈரானும் 2-2 என்று சமனானதால், முதல் நாள் பெற்ற அந்த ஒரு வெற்றியே கைகொடுத்து, பிரிவில் இரண்டாம் இடம் கிடைத்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உலக வரிசையில் 79-வது இடத்திலிருந்த ஓமனோடு 1-1 என்று நின்று, பெனால்டியில் 3-2 என்று ஜெயித்தார்கள். ஓமனின் கடைசி உதையைத் தடுத்தவரும் அதே குர்ப்ரீத்தே.

இந்தக் கடைசி ஆட்டம் நடந்த நாளை நமது வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். அது செப்டம்பர் 8-ந் தேதி. முதல் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம். கோயில்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டன. விடிந்தால் மாளய பட்சத்தின் முதல் நாள். நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் காலம். அந்த நாளிலேதான், அந்த விருந்தாளிக் கோஷ்டி தனக்கு மேலான கோஷ்டியை ஜெயித்தது. கிரகணம் பிடித்த சந்திரனைப் பந்தும் கேட்கவில்லை. குர்ப்ரீத்தின் கையும் கேட்கவில்லை.

நிற்க. இதே கோஷ்டியின் பெயரால் நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-ம் வருஷம் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் ஆட்டங்கள் கல்கத்தாவில் நடந்தபோது, ஆட்டக்காரர்களுக்கு உற்சாகமூட்டுவதற்கென்று ஒரு சோதிடக் கம்பெனியை அமர்த்தி, அதற்கு 16 லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2023 செப்டம்பரில் இதைவிட வெட்கக்கேடான செய்தி வந்தது. ஆப்கானிஸ்தானோடு ஆடுவதற்கு முன்னால், அப்போதைய பயிற்சியாளர் ஆட்டக்காரர்களின் பெயர் ஜாபிதாவைச் சோதிடருக்கு அனுப்பி, யாருக்கு அன்று நாள் நன்றாயிருக்கிறது, யாருக்கு நன்றாயில்லை என்று கேட்டார் என்றும், நாள் சரியில்லை என்று சொல்லப்பட்ட இருவர் முதல் பதினொருவரில் இடம் பெறவில்லை என்றும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை வெளியிட்டது.

அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று ஜெயித்தது உண்மை. உடனே “பார்த்தீர்களா, பலித்துவிட்டது” என்று நமது வைதிகத் தோழர்கள் குதிக்கலாம். நாம் கேட்கிறோம்: ஆப்கானிஸ்தானத்து ஆட்டக்காரர்கள் மேலும் அதே சூரியனும் சந்திரனும்தானே காய்ந்தன? அன்று இந்தியாவுக்குச் சகாயம் செய்த கிரகங்கள், 2024 ஜனவரியில் கத்தார் தேசத்தில் ஆசியக் கோப்பை நடந்தபோது எங்கே போயின? அங்கே ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என்று மூன்று ஆட்டமும் தோல்வி. ஒரு கோல் கூட இல்லை. கோல் போடத் தெரியாத கிரகத்துக்கு 16 லட்சம் எதற்கு?

“போகட்டும், மனோதைரியத்துக்காகச் செய்தது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். நஷ்டம் இருக்கிறது. வருஷக் கணக்காக உழைத்து, முழங்கால் தேய்ந்து, தேசத்துக்காக ஆடும் தகுதியை அடைந்த ஒரு வாலிபனை, அவன் காலைப் பார்க்காமல் அவன் பிறந்த நேரத்தைப் பார்த்துத் தள்ளிவைப்பது என்றால், அது எப்பேர்ப்பட்ட அக்கிரமம்? பிறந்த ஜாதியைக்கொண்டு ஒருவனைக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் வெளியே நிறுத்துவதற்கும், பிறந்த நட்சத்திரத்தைக்கொண்டு ஒருவனை மைதானத்துக்கு வெளியே நிறுத்துவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பிறப்பைப் பார்ப்பதே. இரண்டும் உழைப்பைப் பார்க்காததே. ஆகையால்தான் இது வெறும் பணப் பிரச்சினை அல்ல, சுயமரியாதைப் பிரச்சினை என்று சொல்லுகிறோம்.

இனி மூன்றாம் இடத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்துக்குப் போன இடத்தில் நன்றாய்ச் சாப்பிட்டோம் என்பதால் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தமாகாது. 1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அதற்கும் முன்னே, தகுதிச் சுற்றில் எதிர்க்க வேண்டிய நாடுகள் விலகிக்கொண்டதால் ஆடாமலே உள்ளே போனவர்கள்தாம் நாம். அதன் பிறகு மறுபடி ஆசியக் கோப்பைக்குள் நுழைய 1984 வரை, இருபது வருஷம் ஆயிற்று. இப்பொழுதும் அப்படியே. ஹிசோரில் ஓமனை ஜெயித்து ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 14-ந் தேதி, சொந்த நாட்டில் மட்காவிலே சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைபட்டது. நவம்பரில் டாக்காவில் வங்காள தேசத்திடமும் 0-1 என்று தோற்றார்கள். அழைத்த வீட்டில் மூன்றாம் இடம். உரிமையோடு நுழைய வேண்டிய வீட்டில் இடமே இல்லை.

இதற்குக் காரணம் சனியும் அல்ல, ராகுவும் அல்ல. நாட்டின் பெரிய லீக் பந்தயமே 2025-ல் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. ஒப்பந்தத் தகராறில் ஆட்டக்காரர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கீழே கிராமங்களில் மைதானம் இல்லை, பந்து இல்லை, சொல்லிக்கொடுப்பார் இல்லை. ஒரு பந்து 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 16 லட்சத்துக்கு 2,000 பந்துகள் வாங்கலாம். நமது விருதுநகர் ஜில்லாவில் உள்ள ஊராட்சிகள் 450. ஊருக்கு நாலு பந்து கொடுத்தாலும் 200 பந்து மீதம் நிற்கும். அந்தப் பணம் ஜாதகக் கட்டத்துக்குள் போயிற்றாம்!

ஆலங்குளம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். டில்லியிலும் கல்கத்தாவிலும் இருக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நமது ஊர்ப் பந்தயங்களிலும் கோல் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டுவதையும், ராகுகாலம் கழியட்டும் என்று ஆட்டத்தை நிறுத்திவைப்பதையும் காண்கிறோம். ஒரு தெருப் பையன்களோடு இன்னொரு தெருப் பையன்கள் சேர்ந்து ஆடக் கூடாது என்கிற கொடுமையும் சில ஊர்களில் இன்னும் சாகவில்லை. முதலில் அந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, சாறு பிழிந்து, ஆடி முடித்த இரண்டு தெருப் பையன்களுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து கொடுங்கள். கோஷ்டிக்கு ஆள் எடுக்கும்போது ஓட்டத்தைப் பாருங்கள், உதையைப் பாருங்கள், ஒழுங்கைப் பாருங்கள். தெருவைப் பார்க்காதீர்கள், நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள்.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் இந்தியாவின் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தை ஜெயித்தார்கள். பெண் பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது என்று சொன்ன சாஸ்திரமும், பெண் ஜாதகத்தில் தோஷம் எழுதிய பஞ்சாங்கமும் அவர்கள் காலைக் கட்ட முடியவில்லை. ஆகவே ஆணாயினும் பெண்ணாயினும், விருந்தாளியாய் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திராமல், உரிமையோடு போய் உட்காரும் யோக்கியதையை மைதானத்தில் சம்பாதிக்க வேண்டும். அதற்கு வேண்டியது பந்தும் பயிற்சியும் பகுத்தறிவுமே அன்றிப் பஞ்சாங்கம் அல்ல என்பதே நமது அபிப்பிராயம்.