விளம்பரக் கம்பனியில வேலை எண்டா என்ன வேலை?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலா வாசிங்க.

மூன்று மாதத்துக்குள் நாலு பேர் எனக்கு கோல் எடுத்து ஒரே ஆளைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். "சேர், அந்தத் தம்பி உங்களோட நல்ல பழக்கமாமே, கொழும்புல என்ன வேலை செய்யிறாரு?" சம்பந்தம் பேசுகிற இடம். விசாரிப்பதில் பிழை இல்லை, விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் "விளம்பர நிறுவனம் ஒன்றில் தமிழில் எழுதுகிறார்" என்று நான் சொன்னதும் மறுபக்கம் அமைதியாகி விடுகிறது. ஒருவர் "போர்ட் எழுதுறவரா?" என்று கேட்டார். இன்னொருவர் "பொய்யச் சொல்லி சாமான் விக்கிற வேலதானே சேர்" என்றார். மற்ற இருவரும் பென்சன் இருக்கா என்று மட்டும் கேட்டு விட்டு போனை வைத்து விட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன், ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் என் தம்பியோடு படித்தவர். ஆனாலும் சின்ன வயதில் அவரோடு எனக்குப் பழக்கம் இல்லை. நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து ஊருக்கு வந்த பிறகு, பாடசாலை வேலை ஒன்றில்தான் பழக்கமானோம். பிள்ளைகளின் வரவு குறைந்து கொண்டு போனது. பெற்றோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கத் தீர்மானித்து, "மாணவர்களின் வரவு ஒழுங்கின்மை தொடர்பாகப் பெற்றோர்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கும் ஒரு பக்கத்தை ஆசிரியர் குழுவாக எழுதி வைத்திருந்தோம். லீவில் வந்திருந்த தம்பியிடம் லேஅவுட் மட்டும் செய்து தரச் சொன்னேன். அவர் அதை வாசித்து விட்டுக் கேள்விகள் கேட்டார். இதை யார் வாசிப்பாங்க சேர்? வாப்பாவா, உம்மாவா? எந்த நேரத்துல கையில கிடைக்கும்? வாசிச்ச பிறகு அவங்க என்ன செய்யணும்?

அன்று இரவே ஒரு அரைப்பக்கம் அனுப்பினார். மேலே பெரிய எழுத்தில் "நேத்து உங்கட புள்ள பள்ளிக்கூடம் வந்தாரா?" கீழே வகுப்பாசிரியரின் போன் நம்பர், எடுக்கக்கூடிய நேரம். அவ்வளவுதான். அதிபருக்கு "உங்கட" என்று அச்சடிப்பது அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் சம்மதித்தார். அந்தக் கிழமை எனக்கு வந்த கோல்களில் பாதிக்கு மேல் உம்மாமார் எடுத்தவை. அது வரைக்கும் எந்தக் கடிதத்துக்கும் அவர்கள் பதில் சொன்னதில்லை.

இந்தத் தொழிலின் அடிப்படை எனக்கு விளங்கியது அங்கேதான். பொருள் விற்கும் கம்பனி தன் தேவையைச் சொல்லும். வாடிக்கையாளரோடு தொடர்பில் இருக்கிற பிரிவு அதை ஒன்றிரண்டு பக்கக் குறிப்பாக எழுதும். யார் வாங்குவார், இப்போது என்ன பாவிக்கிறார், அவருக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு விசயம் என்ன, இவைதான் அதில் இருக்கும். பிறகு எழுதுகிறவரும் படம் அமைக்கிறவரும் ஒன்றாக உட்கார்ந்து யோசிப்பார்கள். எந்த டீவியில், எந்த நேரத்தில் போடுவது என்று பார்க்க இன்னொரு பிரிவு இருக்கிறது. டேவிட் ஓகில்வி என்று இந்தத் துறையில் பெரிய பெயர் ஒன்று உண்டு. 1948இல் நியூயோர்க்கில் நிறுவனம் தொடங்கியவர், அதற்கு முன் ஸ்கொட்லாந்தில் வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர். நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் பொட்டணியைத் தூக்கிக் கொண்டு சிங்களக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் புடைவை விற்றார்கள்! கதவைத் திறக்கிற பொம்பிளையின் முகத்தைப் பார்த்து எந்தத் துணியை முதலில் விரிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதுவும் அதே வேலைதான்.

இன்னும் பழையதைச் சொன்னால், இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. அது விளம்பரக் காசில் ஓடிய சேவை. மயில்வாகனன் அவர்களின் குரலும், பிறகு நம் சமூகத்தைச் சேர்ந்த பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் குரலும் கடல் கடந்து தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போனது அந்த அலைவரிசைகளில்தான். அந்தப் பெருமையை நாம் இன்றும் பேசுகிறோம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மறந்து விட்டோம்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். இந்த நாட்டில் நாலில் ஒரு பங்கு பேர் தமிழ் பேசுகிறவர்கள். 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழியானது 1987இல். ஆனால் பெரும்பாலான விளம்பரம் பிறப்பது ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். எல்லாம் முடிந்த பிறகு, பின்னேரம் ஐந்து மணிக்கு "தமிழ்ல போட்டுத் தாங்க, காலையில வேணும்" என்று அனுப்புவார்களாம். சிங்களத்தில் எதுகையோடு இருக்கும் வசனம் தமிழுக்கு வரும்போது மையத்து மாதிரிக் கிடக்கும். தம்பி அதை மொழிபெயர்க்காமல் புதிதாக எழுதுவார். பிறகு, தமிழ் வாசிக்கத் தெரியாத ஏழெட்டுப் பேர் இருக்கிற மேசையில் தான் என்ன எழுதினார், ஏன் எழுதினார் என்று ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். போன் விளம்பரம் ஒன்றில் "பேசுங்கள்" வேண்டாம், எங்கட சனம் "கதைக்கிற" சனம் என்று சொல்லி ஒரு கிழமை மல்லுக்கட்டியிருக்கிறார். இந்தியாவில் எடுத்து வருகிற விளம்பரத்தில் "சோப்பு" என்று இருக்கும். இங்கே அதைச் சவர்க்காரம் ஆக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு தலைவலி. படம் அமைக்கிறவருக்குத் தமிழ் தெரியாது, மென்பொருளில் ஒரு செட்டிங் மாறியிருந்தால் கொம்பு கழன்று இடம் மாறிவிடும். வீதியோரத்தில் இருபதடி உயரத்தில் அப்படி நிற்கும் பலகைகளை நாம் போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம், கோபப்படுகிறோம். அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அப்படி இருக்கிற ஒரு ஆளைத்தான் நாம் "பென்சன் இருக்கா" என்று கேட்டு ஒதுக்குகிறோம்.

இனி ஆளைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே வட்டிக் கடன் விளம்பரம் எழுத மாட்டேன் என்று சொல்லி விட்டார். அவருடைய மேலதிகாரி ஒரு சிங்களச் சகோதரி. முகம் சுளிக்காமல் வேறு வாடிக்கையாளர்களைக் கொடுத்திருக்கிறார். வெசாக்குக்கும் புதுவருசத்துக்கும் மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது தம்பி அவர்களுடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். நோன்பு காலத்தில் அவர்கள் இவரை நேரத்துக்கு விடுவார்கள். சாராயம், சிகரட் பற்றிக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு இந்த நாட்டில் அவற்றுக்கு விளம்பரமே போட முடியாது. அந்தக் கவலை வேண்டாம். சம்பளத்தில் ஒரு பங்கு ராத்தாவின் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. இது அவர் சொன்னதல்ல, ராத்தா சொன்னது.

ஒரு விசயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதையும் மறைக்க மாட்டேன். முகம் வெளுக்கிற கிறீம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் "நான் கறுப்பு" என்று தொடங்குகிறாள். அதை எங்கே படித்தாள்? 2020இல் 'ஃபெயார் அண்ட் லவ்லி' தன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றியது. பெயர் மாறியது, நம் வீட்டுக் கண்ணாடி மாறவில்லை. தம்பி இப்படியான கிறீம் ஒன்றுக்கு எழுதியிருக்கிறார். கேட்டேன். "நான் எழுதாட்டி வேற ஆள் எழுதும் சேர்" என்றார். வட்டிக்கு அந்தப் பதிலை நீங்க சொல்லலையே என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறார், நானும் சந்திக்கும் போதெல்லாம் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறேன். கோபித்துக் கொண்டு என் போனை எடுக்காமல் விட்டதில்லை. அந்தக் குணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே இனி விசாரிக்கிறவர்கள் தாராளமாக விசாரியுங்கள். எதை எழுதுகிறார், எதை எழுத மறுக்கிறார், உழைப்பதை என்ன செய்கிறார், கோபம் வந்தால் எப்படி நடந்து கொள்கிறார், இதையெல்லாம் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டொக்டர், இன்ஜினியர், அரச உத்தியோகம் என்ற மூன்று பெட்டிக்குள் அடங்காத வேலை என்பதற்காகப் போனை வைத்து விடாதீர்கள். உயர்தரத்தில் தமிழும் ஊடகக் கற்கையும் எடுத்து நல்ல பெறுபேறு வாங்கிய பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய உம்மா வாப்பாவும் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு அறிவித்தலும் இருக்கிறது. வருகிற விடுமுறையில் தம்பி ஊருக்கு வருகிறார். தரம் 10, 11 பிள்ளைகளோடு ஒரு காலைப் பொழுது இருக்கச் சம்மதித்திருக்கிறார். விளம்பரம் எழுதுவது எப்படி என்பதை விட வாசிப்பது எப்படி என்று சொல்லித் தரச் சொன்னேன். "50% வரை கழிவு" என்பதில் "வரை" என்ன வேலை செய்கிறது, "மாதம் 4,990 ரூபா முதல்" என்பதில் "முதல்" யாருக்காக நிற்கிறது, அடியில் எறும்பு மாதிரி ஊரும் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" எதை மறைக்கிறது என்று. 2016இலிருந்து குளிர்பானப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட்டு சீனியின் அளவைக் காட்டுகிறார்கள், அதைப் பார்த்து வாங்குகிற பிள்ளை எத்தனை பேர் என்றும் கேட்கப் போகிறார். பெற்றோரும் வரலாம், விசேசமாக உம்மாமார். திகதியைப் பாடசாலைக் குரூப்பில் போடுகிறேன். வீட்டில் பழைய பத்திரிகை, லீசிங் கம்பனி லீஃப்லெட், டியூசன் போஸ்டர் கிடந்தால் எறியாமல் பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். அன்றைக்குத் தேவைப்படும்.