பழி யார்மேல்?

சென்ற கோடை விடுமுறைக்கு ஊர் போயிருந்தேன். அடுத்த வீட்டில் வளைகாப்பு. என் அண்ணிக்கு மட்டும் அழைப்பில்லை. மூன்று முறை கருவுற்று, மூன்று முறையும் மூன்றாம் மாதம் நிறையுமுன் இழந்தவர் அவர். பப்பாளி தின்றாராம்; தண்ணீர்க் குடம் தூக்கினாராம்; நாகதோஷமாம். தெருவில் காரணம் சொல்லாதவர் இல்லை. அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்ற பேச்சும் திண்ணையில் அடிபடத் தொடங்கிவிட்டது. அண்ணனை நோக்கி மட்டும் ஒரு கேள்வியும் எழவில்லை.

உயிரியல் பயிலும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது முறையன்று.

நம் உடலின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. தாய் தந்தவை 23, தந்தை தந்தவை 23. (48 என்றே நெடுங்காலம் பாடநூல்கள் ஓதி வந்தன. 1956இல்தான் ஜியோ, லெவான் என்னும் இருவர் அதைத் திருத்தி வெளியிட்டனர். அறிஞருலகமே தவறாக எண்ணியதென்றால் எங்கள் தெரு எம்மாத்திரம்!) கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இவை சரிபாதியாகப் பிரிய வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி இத்தகையவையே. இதில் குடத்துக்கு என்ன வேலை? பெண்ணுக்கு வயது ஏற ஏற, முக்கியமாக 35க்குப் பின், இப்பிழை மிகுகிறது என்பது மெய்தான். அது முட்டையின் மூப்பேயன்றி அவள் செய்த குற்றமன்று.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றோடு இடம் மாறி ஒட்டியிருக்கும். மொத்தத்தில் எதுவும் குறையாததால் அவர் நலமாகவே இருப்பார். பிள்ளைக்குப் பங்கிடும்போதுதான் கணக்குப் பிசகும். மீண்டும் மீண்டும் கருவை இழக்கும் தம்பதியரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து இணைகளில், இருவருள் ஒருவரிடம் இது காணப்படுகிறது. அவர் கணவராகவும் இருக்கலாம். கருவே தரிக்காத வீடுகளிலும் இதே கதைதான். எக்ஸ் குரோமோசோம் ஒன்று மிகுந்து 47ஆக அமைந்த ஆணுக்கு விந்தணு அற்றுப்போவது பெரும்பான்மை. மணமாகிப் பல ஆண்டுகள் கழித்தே பலர் அதை அறிகின்றனர். ‘மலடன்’ என்ற சொல் நம் மொழியிலும் இருக்கிறது. எங்கள் தெருவில் அதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சோதனை பெரிதன்று. கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை மூன்று நாள் அளவில் வளர்த்து, குரோமோசோம்களைச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். இதில் ஒன்றும் புலப்படாவிட்டால் கருப்பை, தைராய்டு என வேறு தேட வேண்டும். புலப்பட்டாலும் வழி அடைபடுவதில்லை. இடமாற்றம் உடையோரில் பலர் பின்னர் நலமான குழந்தை பெற்றிருக்கின்றனர்.

“எனக்கென்ன குறை?” என்றான் அண்ணன். குறை இருந்தாலும் அது பிறவியிலேயே வந்தது. உன்மீதும் பழியில்லை என்றேன். அவன் பதில் பேசவில்லை. நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருவர் பெயரையும் பதிந்து வைத்துவிட்டுத்தான் ரயிலேறினேன். அண்ணி போய் வந்துவிட்டார். அண்ணன் இன்னும் போகவில்லை.