ஹோர்மோனைச் சாட்டாதேங்கோ



எங்கட கூட்டங்களில் இரண்டு வசனங்கள் அடிக்கடி காதில் விழும். ஒரு பெண் தோழர் குரலை உயர்த்தினால், "அவவுக்கு இண்டைக்கு ஹோர்மோன் சரியில்லைப் போல." ஓர் ஆண் தோழர் மேசையில் அடித்துக் கத்தினால், "பெடியன்தானே, ரத்தம் கொதிக்கும், விடுங்கோ." முதலாவது வசனம், அந்தப் பெண் என்ன சொன்னா என்பதையே இல்லாமல் ஆக்குது. இரண்டாவது, அந்த ஆணுக்கு இலவசமாக மன்னிப்பு வாங்கிக் குடுக்குது. உடல் ஒன்றுதான். ஆனால் ஒராளுக்கு அது குற்றம், மற்ற ஆளுக்கு அது சலுகை.

இது பழைய சாட்டு. 1970இல் அமெரிக்காவில், ஜனநாயகக் கட்சியின் குழு ஒன்றில் பெண்கள் உரிமைக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று பற்சி மிங்க் கேட்டார். அவர் காங்கிரஸ் உறுப்பினர், ஜப்பானிய வம்சாவளிப் பெண். அதே குழுவில் இருந்த எட்கர் பேர்மன் என்ற மருத்துவர் சொன்ன பதில்: மாதவிடாயும் மாதவிடாய் நிற்கும் காலமும் பெண்களின் ஹோர்மோனைக் குழப்பும், அதனால் பெரிய பொறுப்புகளுக்கு அவர்கள் சரிவரமாட்டார்கள். மிங்க் விடவில்லை. எதிர்ப்புக் கிளம்ப, பேர்மன் அந்தக் குழுவை விட்டே விலக வேண்டி வந்தது. கேட்டது உரிமை, கிடைத்த பதில் உடற்கூற்றியல். இந்த உத்தியை நாங்கள் அடையாளம் காணப் பழக வேணும்.

சரி, அறிவியல் என்ன சொல்லுது? 2010இல் சூரிச் ஆய்வாளர்கள் சுமார் 120 பெண்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு டெஸ்டோஸ்டெரோன், மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. பிறகு காசு பங்கிடும் ஒரு விளையாட்டு: ஒராள் பங்கு சொல்ல வேணும், மற்றவர் மறுத்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. உண்மையில் டெஸ்டோஸ்டெரோன் எடுத்தவர்கள் கூடுதல் நியாயமாகப் பங்கிட்டார்கள். ஆனால் எதைக் குடுத்தாலும் சரி, 'எனக்குக் கிடைத்தது டெஸ்டோஸ்டெரோன்தான்' என்று நம்பினவர்கள் மோசமாகப் பங்கிட்டார்கள். ஒரு பரிசோதனையோடு எல்லாம் முடிந்துவிடாது. ஆனாலும் யோசியுங்கோ: ஆம்பிளை ஹோர்மோன் என்றால் முரட்டுத்தனம் என்ற கதையை நம்பினதே ஆக்களின் நடத்தையோடு சேர்ந்து வந்திருக்கு.

இன்னொன்று பிலிப்பைன்ஸின் செபுவில் நடந்தது. அங்கே 600க்கும் மேற்பட்ட இளைஞர்களின் டெஸ்டோஸ்டெரோனை 2005இல் அளந்து, நாலு வருடம் கழித்துத் திரும்பவும் அளந்தார்கள். அதற்கிடையில் துணையோடு வாழ்ந்து தகப்பன் ஆனவர்களுக்கு அளவு நல்லாக இறங்கியிருந்தது. அதிலும் நாளுக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு, பிள்ளை பராமரிப்பில் கை வைக்காத தகப்பன்மாரை விடக் குறைவு. அதாவது ஹோர்மோன் மட்டும் குணத்தை ஆக்குவதில்லை. நாங்கள் வாழுற விதமும் எங்களுடைய ஹோர்மோனை மாற்றுது. 'ஆம்பிளையள் அப்பிடித்தான்' என்று சொல்லுறவர் முதலில் சொல்ல வேண்டியது, வீட்டில் பிள்ளையை ஆர் பார்க்கினம் என்பதைத்தான்.

இந்தச் சாட்டுக்கு இன்னொரு முகமும் இருக்கு, அது விற்பனை. நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் டெஸ்டோஸ்டெரோன் கூடும், துணிவு வரும் என்று 2010இல் 42 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தன்னம்பிக்கைப் பயிலரங்குகளுக்கு நல்ல சரக்கு. 2015இல் சுமார் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹோர்மோனில் அந்த மாற்றம் தெரியவில்லை. அடுத்த வருடம், முதல் ஆய்வை எழுதினவர்களில் ஒருவரே தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். வேலையிடத்தில் சங்கம் இல்லாதவளுக்கு, நிற்கும் விதத்தை மாற்று என்று சொல்லுறது மலிவான அறிவுரை.

அதற்காக, உடலே இல்லை என்று நாங்கள் கதைக்கக் கூடாது. தைராய்டு குறைந்தால் மனமும் சோரும், களைப்பு ஆளை விழுத்தும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் நித்திரை கெடும். ட்ரான்ஸ் தோழர்கள் பலருக்கு ஹோர்மோன் மருந்து வாழ்க்கைப் பிரச்சினை. இதெல்லாம் உண்மை. அதனால்தான் நாங்கள் கேட்கிறது மருத்துவரும் மருந்தும் சம்பளத்தோடு லீவும். உடலின் தேவையைக் கவனிக்கிறது தோழமை. உடலைக் காட்டி ஒராளின் கருத்தைத் தள்ளிவைக்கிறது அதிகாரம். இந்த வித்தியாசம் எங்களுக்கு விளங்க வேணும்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று விஷயம் கேட்கிறன். தலைமை சுழற்சியில் வரட்டும். பிள்ளைகளைப் பார்க்கும் பட்டியலில் முதல் பெயர்கள் ஆண்களுடையதாக இருக்கட்டும். ஆராவது "ஹோர்மோன்" என்று முணுமுணுத்தால், பக்கத்தில் இருக்கிறவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "அது கிடக்கட்டும், அவ சொன்னதுக்குப் பதில் என்ன?"